ஆறாவது ஆளின் இடம்

கதிரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை நிறுத்தினார்கள்.

தென்லண்டனில் மிச்சம் என்கிற பகுதி, எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் மண்டபம். மாரிகாலத்து வியாழக்கிழமை மாலை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஹீற்றர் வேலை செய்யவில்லை. அது வேலை செய்கிற நாளை நான் இன்னும் கண்டதில்லை. மண்டபத்தின் நடுவில் ஐந்து ஆண்கள், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், முழங்காலுக்குக் கீழே சின்னச் சின்ன மணிகள் தைத்த தோல்பட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டு வரிசையாக நின்றார்கள். ஒரு வரிசையில் மூன்று பேர். எதிர்வரிசையில் இரண்டு பேரும், ஆள் உட்காராத ஒரு பிளாஸ்டிக் கதிரையும்.

நான் பின்சுவரோடு கிடந்த வாங்கில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன். மண்டபத்துச் சாவி என்னிடம்தான். இவர்கள் எப்போது முடிப்பார்கள், எப்போது பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்பது ஒன்றுதான் என் கவலை. படாரென்று சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். பெரிய உடம்புக்காரர் ஒருவர் கதிரையோடு சேர்ந்து நிலத்தில் கிடந்தார்.

"பிலோமினா," என்று அவர்களின் தலைவர் கீத் கூப்பிட்டார். "உங்களுக்கு அலுவல் ஒண்டும் இல்லையெண்டால் இதில வந்து நிற்க ஏலுமோ? ஒண்டும் செய்ய வேண்டாம். சும்மா நிண்டால் போதும்."

கீத் பேசியது இங்கிலிஷ்தான். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது என் காதில் எல்லாரும் எங்கள் தமிழில்தான் பேசுகிறார்கள், வெள்ளைக்காரர் உட்பட. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செபமாலையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். அறுபத்து மூன்று வயதில் எனக்கு ஒரு கதிரையின் வேலை கிடைத்தது.

மணி கட்டிய கிழவர்கள்

போன வாரம் இந்தத் தொடரில், பள்ளிக்கூடக் கன்ரீனில் நான் மீன் பொரித்த காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகி, "வேலையை விட்ட பிறகு பொழுது எப்படிப் போகிறது?" என்று கேட்டிருந்தார். பிள்ளை, மொறிஸ் ஆடுகிறேன், இங்கிலிஷ்காரரின் பழைய நாட்டாட்டம். சிரிப்பதென்றால் சிரியுங்கள். றீற்றா அக்கா சிரித்ததைவிட அதிகமாக உங்களால் சிரிக்க முடியாது.

றீற்றா அக்கா என் தெருவில்தான் இருக்கிறா. ஊரிலும் எங்களுக்கு ஒரே கோவில். செய்தி கேட்ட அன்று சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, நான்தான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். "எடியே, அந்தக் காலில மணி கட்டின கிழவங்களோடையே? உனக்கென்ன விசரே?" என்றா.

மே மாதம் பிறந்தால் பப் வாசல்களில் அவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் குறுக்காகப் பச்சைப் பட்டி, கையில் வீசி ஆட்ட ஒரு வெள்ளைக் கைலேஞ்சி. சில ஆட்டங்களுக்கு லேஞ்சிக்குப் பதிலாகத் தடி. எதிரே நிற்பவரின் தடியோடு தடியை அடிப்பார்கள். பிறகு பின்னல் கோலாட்டம் மாதிரி ஒருவரை ஒருவர் வளைந்து கடந்து ஓடி, திரும்பவும் தன் தன் இடத்துக்கே வந்து நிற்பார்கள்.

இதை ஏன் ஆடுகிறீர்கள் என்று ஐந்து பேரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். ஒருவர் விளைச்சல் பெருக என்றார். ஒருவர் அந்தக் காலத்து அரசசபையில் தொடங்கியது என்றார். ஒருவர் தன் தகப்பன் ஆடினதால் என்றார். ஒருவர் தன் டொக்டர் நடக்கச் சொன்னார் என்றார். கீத் மட்டும் உண்மையைச் சொன்னார்: "பியர் குடிக்கிறதுக்கு ஒரு சாட்டு."

மாரி முழுவதும் மண்டபத்துக்குள் பழகுவார்கள். மே முதலாம் தேதி விடியும்போது வெளியே வந்து அந்த வருஷத்தின் முதல் ஆட்டத்தை ஆடுவார்கள். சூரியனை எழுப்புகிறோம் என்பார்கள். இவர்கள் எழுப்பாவிட்டால் அது எழும்பாதாக்கும் என்று நான் நினைத்தேனே தவிர வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆட்டத்துக்கு ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர் வைத்து ஒப்பேற்ற முடியாது, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு ஆள் நிற்க வேண்டும். ஆறாவதாக நின்றவர் டெரிக். பெரிய சத்தமாகச் சிரிக்கும் மனுசன். மண்டபத்தைவிட்டுப் போகும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். அந்த இலையுதிர்காலத்தில் ஒருநாள் நித்திரையிலேயே போய்விட்டார். அவருடைய மனைவி ஜோன்தான் இந்தக் குழுவுக்கு மெலோடியன் வாசிப்பது. மெலோடியன் என்றால் நெஞ்சோடு அணைத்து இழுத்து வாசிக்கும் சின்னப் பெட்டி. கணவர் செத்து மூன்றாவது வியாழனே அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அப்போது எனக்கு அது சரியாகப் படவில்லை. மனுசிக்கு நெஞ்சு கல்லோ என்று நினைத்தேன்.

அவர்கள் ஆண்கள் மட்டுமே ஆடிய குழு. பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதில் ஒரு காலம் மிகவும் கண்டிப்பாக இருந்தார்களாம். ஆள் கிடைக்காமல் போனதும் கண்டிப்பும் போய்விட்டது.

தோள் உரசும் இடம்

முதல் நாள் நான் உண்மையிலேயே கதிரை மாதிரித்தான் நின்றேன். ஐந்து பேரும் என்னைச் சுற்றி ஓடினார்கள். பின்னலில் கடக்கும்போது ஒவ்வொருவருடைய தோளும் என் தோளில் இலேசாக உரசிக்கொண்டு போனது. வேர்வையும் ஈரக் கம்பளியும் கலந்த ஒரு மணம் வந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தபோதும் தோளில் அந்தச் சூடு இருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் மகள் டிலானி லீட்ஸில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து, "அம்மா, ஆர் யூ ஈற்றிங்?" என்று கேட்பாள். ஓம் என்பேன். நல்ல பிள்ளை, குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுத்ததிலிருந்து அடுத்த ஞாயிறு கைகொடுக்கும்வரை என்னைத் தொடுகிற மனித சீவன் கிடையாது. பஸ்ஸில் இடிப்பதைச் சேர்க்கவில்லை. அதனால்தான் அடுத்த வியாழன் கீத் கூப்பிட முன்னமே போய் அந்த இடத்தில் நின்றேன்.

நிற்க நிற்கக் கால் சும்மா இருக்குமா? கை அசைந்தது. பிறகு ஒரு அடி. தை மாதம் முடிய முன் பின்னலில் நானும் ஓடிக்கொண்டிருந்தேன். முழங்கால் நோகும். முதல் தரம் தடியை ஓங்கியபோது கீத்தின் பெருவிரலில் போட்டுவிட்டேன். "நல்லது, இப்ப நீங்களும் எங்கட ஆள்," என்று விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டு சொன்னார்.

ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டம் தொடங்க முன், பாட்டின் முதல் பகுதியை ஜோன் ஒருமுறை தனியாக வாசிப்பாள். அப்போது யாரும் ஆடக் கூடாது. அசையாமல் நின்று கேட்க வேண்டும். அது ஆடுவதற்கில்லை, உனக்குள் நீயே கேட்டுக்கொள்வதற்கு என்று சொல்வார்கள். அது முடிகிற இடத்தில் கீத் "இந்த முறை!" என்று குரல் கொடுப்பார். ஆறு பேரும் ஒன்றாகத் துள்ளித் தொடங்குவோம்.

மாசியில் ஜோன் ஒரு சுப்பர்மார்க்கெற் பையை என் கையில் தந்தாள். உள்ளே டெரிக்கின் மணிகள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஆடச் சலங்கை கட்டிய பழக்கத்தில், கட்ட முன் நான் அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கீத் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது ஏதோ முறையாக்கும் என்று நினைத்து அவரும் ஒற்றினார். அடுத்த வியாழன் ஐந்து வெள்ளைக்காரரும் வரிசையாக நின்று மணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். நான் திருத்தவில்லை. இன்னும் நூறு வருஷத்தில் இதற்கும் ஐந்து பேர் ஐந்து காரணம் சொல்லட்டும்.

காற்றடிக்கப் போனவர்

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு அன்ரனைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அன்ரன் என் கணவர். யாழ்ப்பாணத்தில் கடற்கரைப் பக்கம் எங்கள் வீடு. ஒருநாள் காலை சைக்கிளின் முன்சில்லில் காற்று இல்லை. "சந்திக்குப் போய்க் காத்தடிச்சுக்கொண்டு வாறன், தேத்தண்ணியைப் போட்டு வை," என்றார். போட்டு வைத்தேன். அவர் வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. கடைக்காரப் பெடியன் "காத்தடிச்சுக்கொண்டு அப்பவே போட்டாரே அக்கா," என்றான். ஆமி பிடித்ததோ, வேறு ஆட்கள் கொண்டுபோனார்களோ, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காம்ப் காம்பாகத் திரிந்தேன். எல்லாரும் இங்கே இல்லை என்றார்கள். பிறகு லண்டன்.

எங்களைப்போலக் கத்தோலிக்க வேதக்காரருக்குத் தெரியும், பூசை ஒப்புக்கொடுப்பது இரண்டு விதம். உயிரோடு இருப்பவரின் சுகத்துக்காக ஒப்புக்கொடுக்கலாம். இறந்தவரின் ஆத்துமாவுக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். அன்ரனின் பிறந்தநாள் மே மாதத்தில் வரும். ஒவ்வொரு வருஷமும் அவருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுப்பேன். "உயிரோட இருக்கிறவருக்கோ, இறந்தவருக்கோ?" என்று கோவில் குருவான சுவாமி கேட்பார். உயிரோடு இருக்கிறவருக்கு என்பேன். எத்தனையோ சுவாமிமார் மாறிவிட்டார்கள். இப்போது இருப்பவர் ஒரு வயதான ஐரிஷ்காரர். அவருக்கும் என் பதில் பழகிவிட்டது.

கார்த்திகை மாதம், மரித்தோரை நினைக்கிற மாதம், பிறந்தால் றீற்றா அக்கா தொடங்கிவிடுவா.

"எடி பிலோ, இந்த வருஷமாவது அன்ரனுக்கு ஒரு ஆத்துமப் பூசை ஒப்புக்குடு. மனுசன்ர ஆத்துமா அந்தரிச்சுக்கொண்டு திரியுது."

"நீங்கள் கண்டனீங்களோ செத்ததை?"

"முப்பது வருஷமாச்சுதடி."

"கண்டனீங்களோ எண்டு கேக்கிறன்."

நான் கோபத்தில் கேட்பதாகத்தான் அவ நினைப்பா. கோபமில்லை, பயம். அவருடைய தாய் செத்துவிட்டா. தமையனும் செத்துவிட்டார். டிலானிக்கு அப்பாவின் முகம் படத்தில்தான் தெரியும். இந்த உலகத்தில் அந்த மனுசன் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிற கடைசி ஆள் நான்தான். நானும் சொல்லாமல் விட்டால், அவரைச் சாகடித்தது நான் என்று ஆகிவிடும். அந்தப் பயத்தில்தான் அவருடைய இடத்தை அப்படியே வைத்திருந்தேன். யாரையும் அண்டவிடவில்லை, இறந்தவருக்கான செபத்தைக்கூட.

சாவிக்காரியின் கோபம்

ஏப்ரல் நடுவில் ஒரு வியாழன், பழகி முடிந்ததும் கீத் எல்லாரையும் சுற்றி நிற்கச் சொன்னார்.

"மே ஒண்டு விடிய கொமன் புல்வெளியில சந்திப்பம். முதல் ஆட்டம் டெரிக்குக்குப் பிடிச்ச தடியாட்டம். ஆறாவது இடம் வெறுமையா இருக்கும். அஞ்சு பேர்தான் ஆடுறது."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஜோன் பெட்டியை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஆறாவது இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. மாரி முழுவதும் குளிருக்குள் நிற்க நான் வேண்டும், சனம் பார்க்கிற நாளில் நான் வேண்டாம். அப்படித்தான் நினைத்தேன். எல்லாரையும் வெளியே விட்டுப் பூட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த வியாழன் சாவியை றீற்றா அக்காவிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, வீட்டில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிகளைப் பையில் போட்டு வாசலில் வைத்தாயிற்று, திருப்பிக் கொடுக்க.

சனிக்கிழமை கதவைத் தட்டினது ஜோன். கையில் ஒரு கேக் துண்டு, மழைக்கோட்டில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வாசலில் கிடந்த பையைக் கண்டாள். நான் வா என்று சொல்ல முன்பே உள்ளே வந்துவிட்டாள்.

குசினியில் இருத்தி இஞ்சி போட்டுப் பிளேன் ரீ கொடுத்தேன். சுவரில் திருஇருதய ஆண்டவர் படம், பக்கத்தில் அன்ரனின் படம். ஆண்டவருக்கு முன்னால் விளக்கு எரியும். அன்ரனுக்கு விளக்கு வைப்பதில்லை.

"உங்கட மனுசனோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"எப்ப செத்தவர்?"

"சாகேல்லை."

"அப்ப எங்கை இருக்கிறார்?"

"தெரியாது," என்றேன். "சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போனவர்."

எல்லாவற்றையும் சொன்னேன். என் உடைந்த இங்கிலிஷில் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கவலைப்படுகிறேன் என்று எல்லாரும் சொல்கிற வார்த்தையை அவள் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறும்வரைக்கும் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களிட்டையிருந்து அந்த இடத்தைப் பறிக்கேல்லை, பிலோமினா," என்றாள் பிறகு. "இது எங்கட குழுவின்ர வழக்கம். ஆர் செத்தாலும், அடுத்த முறை வெளியில ஆடேக்க அவருக்குப் பிடிச்ச ஆட்டத்தை அவரில்லாமல் ஆடுவம். அவர் நிண்ட இடத்தில ஒருத்தரும் கால் வைக்கிறேல்லை. கீத் உங்களுக்கும் தெரியுமெண்டு நினைச்சிட்டான். மடையன்."

"பிறகு?"

"பிறகு ரெண்டாவது ஆட்டம். அதுக்கு ஆறு பேர் வேணும். ஆறாவது ஆள் நீங்கள்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு ஆட்டம்தானோ? அவ்வளவு காலம் உங்களோட குடும்பம் நடத்தின மனுசனுக்கு ஒரே ஒரு ஆட்டமோ?"

ஜோனுக்கும் கோபம் வந்துவிட்டது. கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் தேத்தண்ணி தளம்பியது.

"என்னை என்ன செய்யச் சொல்லுறீங்கள்? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடத்தை வெறுமையா விட்டால் குழுவைக் கலைக்க வேணும். கலைச்சால் நான் இந்தப் பெட்டியை அலுமாரிக்கு மேல வைச்சிட்டு வீட்டில இருக்க வேணும். ரெண்டு கிழமை இருந்து பார்த்தனான். ஏலாது. தேத்தண்ணிக் கேத்தல் கொதிக்கிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு என்னால இருக்க ஏலாது."

மூன்றாவது வியாழனே பெட்டியோடு வந்தவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேனே, அது ஞாபகம் வந்தது. எனக்கு அந்தக் கேத்தல் சத்தம் நன்றாகத் தெரியும்.

"வேறை ஆரையும் கேளுங்கோவன்," என்றேன், வீம்புக்கு.

"கேட்டாச்சு, ஒருத்தரும் வரேல்லை." எழும்பி மழைக்கோட்டை மாட்டினாள். "இன்னொண்டும் சொல்லுறன். டெரிக்கின்ர இடத்தில நீங்கள் முதல் நாள் வந்து நிண்டபோது எனக்கு உங்களைக் கண்ணிலயும் காட்டக் கூடாது. இப்ப அங்கை நீங்கள் இல்லாட்டில் எனக்கு வாசிக்கக் கை வருகுதில்லை. போன வியாழன் அஞ்சு நிமிசத்தில நிப்பாட்டிப் போட்டம்."

போகும்போது மணிப் பையை வாசலிலிருந்து எடுத்துக் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

விடியற்காலைப் புல்வெளி

மே முதலாம் தேதி விடிய எழும்பினேன். மணிகளைக் கட்டி, மேலே நீளக் கோட்டைப் போட்டு மறைத்துக்கொண்டேன். கட்டினேனே தவிர ஆடுவதென்று முடிவெடுக்கவில்லை. பார்க்க மட்டும் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். துணைக்கு றீற்றா அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். தலையில் மங்கிக்குல்லா, அதற்கு மேலே ஒரு சால்வை, வாய் நிறைய முறைப்பாடு. கொமன் புல்வெளியில் பனிமூட்டம் முழங்காலளவு நின்றது.

"பிலோ, எங்கையோ மணிச்சத்தம் கேக்குது."

"ஆட்டுக்குட்டியாக்கும்."

"மிச்சம் கொமனில ஆட்டுக்குட்டியே? ஆருக்கடி சுத்துறாய்?"

நாயோடு வந்தவர்கள் இரண்டு மூன்று பேர், பிளாஸ்கோடு ஒரு குடும்பம், இவ்வளவுதான் சனம். ஐந்து பேரும் மணியைக் கண்ணில் ஒற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒரு வரிசையில் மூன்று பேர். எதிர்வரிசையில் இரண்டு பேர், பிறகு ஈரப்புல். கதிரைகூட இல்லை.

ஜோன் முதல் பகுதியைத் தனியாக வாசித்தாள். யாரும் அசையவில்லை. "இந்த முறை!" என்றார் கீத். ஐந்து பேரும் துள்ளினார்கள்.

மாரி முழுவதும் ஆட்டத்துக்குள் நின்ற எனக்கு, வெளியே நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. பின்னலில் ஒவ்வொருவரும் அந்த இடத்தைக் கடக்கும்போது தோளைச் சாய்த்து வழிவிட்டார்கள். முகம் இருக்கிற உயரத்தில் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். டெரிக் அங்கே நின்று ஏதோ பகிடி விட்டது மாதிரிச் சிரித்தார்.

பிறகு தடி அடிக்கிற இடம் வந்தது. ஆறாவது ஆளுக்கு எதிரே நிற்பது கீத். மற்ற இரண்டு சோடியும் அடித்தார்கள். கீத்தின் தடியும் ஓங்கி வந்தது. எதிரே தடி இல்லை. வெறும் காற்றில் வந்து நின்றது. அந்த இடத்தில் சத்தம் இல்லை. அடுத்த முறையும் இல்லை. கீத் ஒவ்வொரு தரமும் முழுப் பலத்தோடு ஓங்கி, ஒன்றிலும் படாமல் நிறுத்திக்கொண்டிருந்தார்.

அப்படி ஓங்குகிற கையை எனக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கும் மேலாக நான் ஓங்கிக்கொண்டிருக்கிறேன். எதிரே ஒரு தடியும் வரவில்லை. அவர்களுடைய பாட்டு ஒரு முடிவுக்கு வந்து நிற்கும். என்னுடையது நின்றதே இல்லை. கண் தண்ணியாக ஓடியது. சால்வையால் துடைத்துவிட்டது றீற்றா அக்கா.

பாட்டு முடிந்தது. ஐந்து பேரும் அந்த வெறும் இடத்தைப் பார்த்துத் தலை குனிந்தார்கள். ஜோன் பெட்டியை மூடவில்லை. மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்து, அடுத்த பாட்டின் முதல் சுரத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை அது. கீத் ஒரு தடியை நீட்டிக்கொண்டு நின்றார்.

என் கால் எழவில்லை. அந்தப் புல்லில் காலை வைத்தால் டெரிக் போய்விடுவார். டெரிக் மட்டுமில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற மனுசி, இதுவரைக்கும் சிரித்த மனுசி, என் கோட்டின் மேல்பொத்தானைக் கழற்றத் தொடங்கினா.

"கோட்டைத் தாடி," என்றா மெதுவாக. "காத்துக்கொண்டு நிக்கிதுகள் பாவங்கள்."

போனேன். ஒவ்வொரு அடிக்கும் மணி சத்தம் போட்டது. தடியை வாங்கிக்கொண்டு ஆறாவது இடத்தில் நின்றேன். ஜோன் முதல் பகுதியை வாசித்தாள். இந்த முறை அதை உண்மையிலேயே எனக்குள் நானே கேட்டேன். கீத் குரல் கொடுத்தார். துள்ளினேன். தடியை ஓங்கினேன். டக்கென்று பட்டது. அந்த அடி தோள்வரைக்கும் ஏறியது.

பூசைக்குப் பிறகு

அங்கிருந்து நேரே காலைப் பூசைக்குப் போனோம். பிந்திவிட்டது. நான் நடுவழியால் நடந்து போக, முன்வாங்கில் கண் மூடியிருந்த ஒரு கிழவி மணிச்சத்தத்தைக் கேட்டு மணியடித்து நற்கருணையை உயர்த்துகிற நேரம் என்று அவசரப்பட்டு முழந்தாளிட்டுவிட்டா. பின்னால் இருந்தவர்களும் அவவைப் பார்த்து முழந்தாளிட்டார்கள். சுவாமி அப்போதுதான் வாசகம் வாசிக்கத் தொடங்கியிருந்தார். மணியைக் கழற்ற மறந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. றீற்றா அக்கா சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினா.

பூசை முடிந்து பீடத்துக்குப் பக்கத்து அறைக்குப் போனோம். சுவாமி என் காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஐரிஷ்காரருக்கு இப்படியான விஷயங்கள் விளங்கும்.

"அன்ரனின்ர பிறந்தநாள் பூசைதானே?" என்றார். "வழமைபோல, உயிரோட இருக்கிறவருக்கு."

அவர் குறித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்.

"இல்லைச் சுவாமி," என்றேன். "இந்த முறை ஆத்துமாவுக்கு."

அவர் கை நின்றது. நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுதியதை வெட்டித் திரும்ப எழுதினார். இதைச் சொல் சொல் என்று முப்பது வருஷம் என்னை அரித்த றீற்றா அக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதல் அழத் தொடங்கினா. நான்தான் அவவைத் தேற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

பிறகு என் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். ஆண்டவரின் விளக்கிலிருந்து ஒரு மெழுகுதிரி கொளுத்தி அன்ரனின் படத்துக்கு முன்னால் வைத்தேன். தேத்தண்ணி போட்டேன். எனக்கு மட்டும். குசினியில் நின்றபடியே குடித்தேன். கொஞ்சம் அசைந்தாலும் காலில் மணி கிலுங்கியது. கழற்றினால் வீட்டில் வேறு சத்தம் இல்லை என்பதால், அன்றைக்குப் பொழுதுபடும்வரை கட்டிக்கொண்டே திரிந்தேன்.